முறம் மெழுகிய கூழ்

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

முறத்தில் இண்டு இடுக்கு விழுந்தால் திருநெல்வேலியில் எங்கள் ஆச்சி பழைய தாளை ஊறப்போடுவாள். ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, முறம் முழுக்க மெழுகிக் காயவைப்பாள். அப்புறம் மாவுகூட ஒழுகாது. தாராவியில் முப்பது ஆண்டு கொத்துவேலை பார்த்த நான், இப்போது அதேபோன்ற காகிதக் கூழில் சிமெண்ட் சேர்த்துச் சுவருக்குக் கல் அறுக்கிறேன். பேப்பர்கிரீட் என்பார்கள்.

நம் வீடுகளில் மாடிக்குத் தகரம்தான் அடிக்கிறோம். மே மாதத்தில் பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து படிக்க முடியுமா? செங்கல் வைத்தால் கீழ்ச்சுவர் பாரம் தாங்காது. காகிதக் கல்லோ எடை மிகக் குறைவு. காயும்போது தண்ணீர் வெளியேறிய இடத்தில் காற்று தங்கிவிடும். அதனால் வெக்கை சட்டென்று உள்ளே இறங்காது.

செய்தித்தாளை மூன்று நாள் ஊறவைத்துக் கூழாக்குங்கள். பிழிந்த கூழ் மூன்று சட்டி, சிமெண்ட் ஒன்று, சலித்த மணல் ஒன்று, இது என் அளவு. டீக்கடைக் காகிதக் கப் வேண்டாம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சர்க்கரை ஒட்டிய தாளும் வேண்டாம். சர்க்கரை சிமெண்டை இறுகவிடாது.

தண்ணீர்தான் இதற்குப் பகை. 2005 ஜூலை 26 நினைவிருக்கிறதா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தரைத்தளத்தில் இந்தக் கல்லை வைத்திருந்தால் உறிஞ்சி ஊறி, பூஞ்சை பிடித்திருக்கும். கடைக்காலுக்கும் கழிப்பறைக்கும் ஒருபோதும் வைக்காதீர்கள். மாடியிலும் வெளிப்பக்கம் நீர் புகாத பூச்சு கட்டாயம். பாரத்தை இரும்புத் தூண் சுமக்கட்டும், இந்தக் கல் இடைவெளியை அடைக்க மட்டும்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். சிமெண்டை மிச்சம் பிடித்தால் கல்லில் தீப்பொறி விழுந்து, சுடர் தெரியாமல் உள்ளுக்குள் கங்காகக் கனன்றுகொண்டே போகும். நெருக்கமான சந்துகளில் வாழ்கிறவர்கள் நாம். அடுப்புப் பக்கம் செங்கல்தான்.

மழை ஓய்ந்து அக்டோபரில் அறுங்கள். அச்சிலிருந்து எடுத்த கல் காயும்போது சுருங்கும், பயப்படாதீர்கள். சில வாரம் கழித்து ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள். நடுவில் விரல் வைத்தால் குளிர்ச்சி தட்டுகிறதா? இன்னும் காயவில்லை, சுவர் எழுப்பாதீர்கள்.