தெரியாத வீட்டு வாசலில்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, மார்கழி மாலையில் கச்சேரியை விட்டுவிட்டுப் பட்டிமன்றம் கேட்க வந்திருக்கும் மயிலாப்பூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சோர்ந்த மனத்துக்கு இதம் தருபவை நாம் நன்கறிந்த நம் ஊர் வெற்றிப் படங்களா, பெயரே கேட்டிராத அயல்நாட்டுச் சிறிய படங்களா என்பது இன்றைய தலைப்பு. நான் சிறிய படங்களின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அம்மையார், "மனம் நொந்தவள் தாய்வீட்டுக்குப் போவாளா, தெரியாத வீட்டு வாசலில் போய் நிற்பாளா?" என்று கேட்டு அரங்கின் கைத்தட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டார். நானும் சேர்ந்துதான் தட்டினேன். தெரியாத வீட்டு வாசலில் போய் நிற்பதைப் பற்றியே ஒரு படம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எனக்கு அடியெடுத்துக் கொடுத்தவரைப் பாராட்டாமல் இருக்கலாமா?

2007இல் இஸ்ரேலில் எரான் கோலிரின் எடுத்த 'தி பேண்ட்ஸ் விசிட்' என்ற படத்தைச் சொல்கிறேன். எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து எட்டுப் பேர் கொண்ட காவல்துறை இசைக்குழு ஒன்று, வெளிர்நீலச் சீருடையும் பெட்டிகளும் வாத்தியங்களுமாக இஸ்ரேலில் வந்து இறங்குகிறது. அவர்கள் போகவேண்டிய ஊர் பெட்டா டிக்வா. போய்ச் சேர்ந்ததோ பெட் ஹடிக்வா என்ற பாலைவனச் சிற்றூர். தமிழில் நாம் 'பி' என்றே எழுதும் P, B என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில், வன்மையாக ஒலிக்கும் P அரபு மொழியில் இல்லை என்பதால் நேர்ந்த குழப்பம் அது. ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு பஸ்ஸையும் பம்பரத்தையும் எழுதுகிற நாம் இதற்குச் சிரிக்கலாமே தவிர, கேலி செய்ய முடியாது. நந்தனத்துக்குப் போகவேண்டிய நான் ஒருமுறை நந்தம்பாக்கத்தில் இறங்கி விழித்தவன்.

அந்த ஊரில் தங்கும் விடுதி கிடையாது. மறுநாள் காலை வரை பேருந்தும் கிடையாது. போர்களில் எதிரெதிரே நின்ற இரண்டு நாட்டு மக்கள் அந்த ஓர் இரவை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதான் கதை. சிற்றுண்டிக் கடை நடத்தும் ஒரு பெண் அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, சிலரைத் தன் வீட்டிலும் சிலரைத் தெரிந்தவர் வீட்டிலுமாகத் தங்கவைக்கிறாள். எவரும் எவருக்கும் அறிவுரை சொல்வதில்லை. அரசியல் பேச்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒருவர் வருடக்கணக்கில் முடிக்க முடியாமல் வைத்திருக்கும் இசைக்கோவை ஒரு வீட்டுத் தொட்டிலருகே நினைவுகூரப்படுகிறது; ஒருவர் தன் மகனைப் பற்றி யாரிடமும் சொல்லாததை முன்பின் அறியாத அந்தப் பெண்ணிடம் சொல்கிறார். தாய்வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு ஒரு தெரியாத வீடு தேவைப்படுகிறது என்பதை எதிரணி அம்மையார் இதுவரை உணர்ந்ததே இல்லையா?

இங்கே வள்ளுவரைத் துணைக்கு அழைக்கிறேன், நடுவர் அவர்களே. 'மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து' என்றார். அந்த விருந்து என்பது யார்? வாரந்தோறும் வந்து போகும் மைத்துனர் அல்லர். விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பது பழைய பொருள். புதிதாக வருபவரே விருந்தினர். புதியவரை உள்ளே அழைப்பதில் வீட்டுக்காரருக்கும் ஒரு மலர்ச்சி உண்டு என்று அறிந்த மரபு நம்முடையது. பத்துத் தடவை பார்த்த படத்தைப் பதினோராம் தடவை போட்டுப் பார்ப்பது சுகம்தான், மறுக்கவில்லை; ஆனால் அது மைத்துனர் வருகை.

அடுத்ததாக, எதிரணியில் பேசிய பேராசிரியர், வசனத்தை அடியில் படித்துக்கொண்டே பார்ப்பது களைத்தவனுக்குத் தண்டனை என்றார். என் தாயாருக்கு ஆங்கிலம் வராது. அவர் பக்கத்தில் அமர்ந்து இந்தப் படத்தின் வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சக்கரக் காலணி மாட்டி ஆடும் கூடத்தில் ஒரு காட்சி வருகிறது. கூச்சம் மிகுந்த உள்ளூர் இளைஞன் ஒருவன். அவனுக்கு இந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கும் பெண், அந்தப் பக்கம் எகிப்திய வாத்தியக்காரன். வாத்தியக்காரன் கைக்குட்டையை எடுத்து நீட்ட, இளைஞன் அதை வாங்கிப் பெண்ணிடம் நீட்டுகிறான். அவன் இளைஞனின் முழங்காலில் கை வைக்க, இவன் பெண்ணின் முழங்காலில் கை வைக்கிறான். ஒரு சொல்லும் பேசாமல் ஆறுதல் சொல்லும் கலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறான் அந்த அயல்நாட்டான். அந்த இடத்தில் என் தாயார், "நீ சும்மா இரு, எனக்குப் புரிகிறது" என்றார். அந்தப் படத்து மாந்தர்களே ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலமாகிவிட்டதால் ஆஸ்கரின் அயல்மொழிப் பிரிவில் அதற்கு இடமில்லாமல் போனது தனி வேடிக்கை.

பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார்: இத்தகைய படங்கள் சர்க்கரைப் பாகு, வாழ்க்கையின் கசப்பை மறைப்பவை என்று. 2009இல் வந்த 'கேஸ்ட்அவே ஆன் தி மூன்' என்ற கொரியப் படத்தை அவருக்குப் பரிந்துரைக்கிறேன். கடனில் மூழ்கிய ஒருவன் சியோல் நகரின் ஹான் ஆற்றுப் பாலத்திலிருந்து குதிக்கிறான். சாகவில்லை, ஆற்றின் நடுவே ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்குகிறான். சுற்றிலும் மாடிக்கட்டடங்கள் தெரிகின்றன. நீந்தத் தெரியாததால் கரைக்கு வர வழியில்லை. நம் கூவம் சூழ்ந்த தீவுத்திடலில் பொருட்காட்சியும் கூட்டமும் இல்லாத ஒரு காலத்தில் ஒருவன் சிக்கிக்கொண்டு, அண்ணா சாலையின் இரைச்சலைக் கேட்டபடியே பட்டினி கிடப்பதாக எண்ணிப் பாருங்கள்.

அவனுக்கு ஒரு காலி நூடுல்ஸ் உறையும், அதற்குள் பிரிக்காத மசாலாப் பொட்டலமும் கிடைக்கின்றன. கறுப்புக் குழம்பு ஊற்றிய ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டே தீரவேண்டும் என்பது அவன் வாழ்வின் இலட்சியமாகிறது. மாவு வேண்டும், மாவுக்குத் தானியம் வேண்டும், தானியத்துக்கு விதை வேண்டும். விதையைப் பறவைகளின் எச்சத்தில் தேடுகிறான். கோபுர இடுக்கில் எச்சத்திலிருந்து ஆலங்கன்று முளைத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கவேண்டியதில்லை. இதனிடையே, அறையைவிட்டு வெளியே வராத ஒரு பெண் தொலைநோக்கிக் கருவியில் அவனைக் கண்டுபிடித்து, அவன் ஆசைப்பட்ட உணவை விலைக்கு வாங்கியே தீவுக்கு அனுப்பிவைக்கிறாள்; அவன் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். விளைவித்து உண்பதே தன் நம்பிக்கை என்கிறான். பேராசிரியர் அவர்களே, இதில் சர்க்கரை எங்கே இருக்கிறது?

'காக்கா முட்டை' ஒன்று போதாதா என்று கேட்டார் மூன்றாமவர். போதும். ஆனால் அது எங்கள் கட்சிச் சாட்சி. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர் ஒரு பீட்சாவுக்கு ஏங்கியதை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது ஏன்? அந்த முகங்கள் நமக்கு முன்பே தெரியாதவை. அவர்களுக்கு அது கிடைக்குமா என்பதும் தெரியாது. பெரிய நாயகர் திரையில் தோன்றும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. அவருக்காக நாம் கவலைப்பட்டதுண்டா? சவூதி அரேபியாவில் ஹைஃபா அல்மன்சூர் என்ற பெண் இயக்குநர், தெருவில் ஆண்களோடு நின்று வேலை செய்ய இயலாமல் வேனுக்குள் அமர்ந்து வாக்கிடாக்கியில் கட்டளையிட்டு எடுத்த 'வஜ்தா' 2012இல் வந்தது. அதில் ஒரு சிறுமிக்கு வேண்டியது ஒரு சைக்கிள் மட்டுமே. அந்தச் சைக்கிளுக்காக நான் பட்ட கவலையை எந்தத் தளபதியின் சண்டைக்காகவும் பட்டதில்லை.

பூட்டானின் 'லுனானா' படத்தைப் பற்றி ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் சொல்லாமல் போகக்கூடாது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பாடகனாகும் கனவோடு இருக்கும் ஓர் இளம் ஆசிரியரை, நம் ஊர் வழக்கில் சொல்வதானால், தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். நாள்கணக்கில் மலையேறிப் போனால் கரும்பலகைகூட இல்லாத பள்ளி. குளிர் மறைக்கச் சன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கொடுக்கிறார்; அடுப்பெரிக்கச் சாணம் தரும் கவரிமாடு வகுப்பறைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. அவர் மனம் மாறி அங்கேயே தங்கிவிட்டாரா என்பதைச் சொல்லமாட்டேன். நீங்கள் நினைப்பது போல முடியவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு படம், ஐயா. 1994இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆல்வின் ஸ்ட்ரெயிட் என்ற முதியவர், கண் பார்வை குன்றியதால் கார் ஓட்ட உரிமம் இல்லாமல், பக்கவாதத்தில் விழுந்த சகோதரரைக் காணப் புல்வெட்டும் வண்டியிலேயே 240 மைல் போனார்; சென்னையிலிருந்து திருச்சியையும் தாண்டிய தூரம். அந்த உண்மை நிகழ்ச்சியை 1999இல் டேவிட் லிஞ்ச் 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி' என்று படமாக்கினார். படத்தில் சகோதரர் இருவரும் பத்தாண்டுகளாகப் பேசிக்கொள்ளாதவர்கள். வாசலுக்கு வந்த அந்தச் சகோதரர், வெளியே நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்க இதிலா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். ஆமாம் என்கிறார் இவர். பிறகு இருவரும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துகொள்கிறார்கள். அவ்வளவுதான் படம். தீர்ப்பை நடுவரிடம் விட்டு நானும் அமர்கிறேன். நன்றி, வணக்கம்.