நாடு சாமிக்கா, சாமி நாட்டுக்கா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நவராத்திரி தொடங்குவதற்கு முன்பு குழித்துறைச் சாலையோரம் குத்துவிளக்கும் நிறைநாழியும் வைத்து ஜனங்கள் காத்து நிற்பதை நம் குமரி மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை என்று மூன்று சாமிகள் புறப்பட்டு, மூன்று நாள் வழிநடந்து திருவனந்தபுரம் போய்ச் சேரும். அரண்மனை உடைவாளும் கூடப் போகும். களியக்காவிளையில் கேரள போலீஸ் மரியாதை கொடுத்து வரவேற்கும். பூஜை முடிந்ததும் அதே வழியாகத் திரும்பி வரும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன். நம்ம ஊர்ச் சாமி ஏன் அடுத்த ஸ்டேட்டுக்குப் போகணும் என்று கேட்டேன். "அப்போ இது எல்லாம் ஒண்ணுதான் மக்களே. முழுக்கச் சாமிக்க ராஜ்யம்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னைப் பார்க்காமலேயே, "ஆனா நான் கல்யாணம் ஆகி வந்த காலத்துல அந்தச் சாமிக்க கோயிலுக்குள்ள நமக்குப் போக முடியாது" என்றாள்.

எங்கள் நாடு மற்ற நாடுகளைப் போல் அல்ல, கடவுளே தனியாகக் குறித்து வைத்த நாடு என்ற எண்ணத்தைப் பற்றிப் பேசத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள். உலகத்தில் பல தேசங்கள் இதைச் சொல்லியிருக்கின்றன. எனக்கு அந்தப் பேச்சு எங்கே காதில் விழுந்தாலும் பாட்டி சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும்.

முதல் வாக்கியத்தின் கதை 1750இல் நடந்தது. குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தன்னை எதிர்த்த எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களை ஒடுக்கி, வடக்கே பல சிறு நாடுகளைப் பிடித்து, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா பெரிய ராஜ்யம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதை அப்படியே திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். வாளைச் சன்னிதியில் வைத்துவிட்டு, இனி நான் அரசன் இல்லை, பத்மநாபனின் தாசன் என்று அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். திருப்படிதானம் என்று இதைச் சொல்வார்கள். அவருக்குப் பின் வந்த அரசர்கள் எல்லோரும் தங்களைப் பத்மநாபதாசர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இதில் உண்மையான பக்தி இருந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் வரலாற்று ஆசிரியர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள். ரத்தம் சிந்திப் பிடித்த நாடு சாமிக்குச் சொந்தம் என்று ஆகிவிட்டால், அதை எதிர்த்துக் கலகம் செய்பவன் ராஜத்துரோகி மட்டும் இல்லை, சாமித்துரோகியும் ஆகிவிடுகிறான். வரி கொடுக்க மறுத்தால் யாருக்கு மறுக்கிறாய்? ஊழிய வேலைக்கு வரமாட்டேன் என்றால் யார் வேலைக்கு? அரசனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒவ்வொன்றும் சாமியிடம் கேட்கிற கேள்வியாக மாறிப் போனது.

அந்தச் சாமியின் ராஜ்யத்தில்தான் இந்தத் தென் திருவிதாங்கூர் மக்கள் தலைக்கு வரி கட்டினார்கள், கூலி இல்லாமல் ஊழியம் செய்தார்கள். பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் அடியும் உதையும் வாங்கினார்கள். 1859 ஜூலையில் வந்த அரச விளம்பரம்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தது. அடிமை முறையை ஒழித்தது 1855இல். அதாவது சாமிக்கு எழுதிக் கொடுத்து நூறு வருஷத்துக்கும் மேல் அந்த நாட்டில் மனிதரை வாங்கி விற்றார்கள்.

இதை எதிர்த்து எழுந்த முதல் பெரிய குரல் நாத்திகக் குரல் அல்ல. சாமித்தோப்பிலிருந்து வந்தது அது. 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டு வந்ததாக அவர் வழி நடக்கும் அன்புக்கொடி மக்கள் நம்பும் அய்யா வைகுண்டர், திருவனந்தபுரத்து அரசனை அனந்தபுர நீசன் என்றார். வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றார். யோசித்துப் பாருங்கள். அரசன் தன்னைப் பத்மநாபனின் தாசன் என்கிறான். இவரோ நாராயணனின் பெயராலேயே அந்த அரசனுக்கு எதிராகப் பேசுகிறார். ஒரே தெய்வம்தான். தலைக்குத் துண்டு கட்டக் கூடாது என்றிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்க வரச் சொன்னார். எல்லாச் சாதிக்கும் சேர்த்து ஒரே கிணறு, முத்திரிக்கிணறு, வெட்ட வைத்தார். அரசாங்கம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிங்காரத்தோப்பில் அடைத்து வைத்தது. இன்றும் அவருடைய வழிபாட்டு இடமான பதியின் பள்ளியறையில் நீங்கள் பார்ப்பது கண்ணாடியும் விளக்கும்தான்.

ஆகவே மதம்தான் இந்தத் தேசப் பெருமைக்கு எல்லாம் காரணம் என்று யாராவது சொன்னால் என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியாது. நான் சாமி கும்பிடுகிறவன். பெருமைக்குத் தீனி போட்ட நம்பிக்கைதான் அதன் காதைப் பிடித்துத் திருகவும் செய்தது. நம் மண்ணிலேயே இரண்டையும் பார்த்திருக்கிறோம்.

இந்த விஷயத்தில் உலகம் அதிகம் பேசுவது அமெரிக்காவைத்தான். 1630இல் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து போன ஒரு கூட்டத்துக்கு ஜான் விந்த்ராப் என்பவர் தலைவர். நாம் மலையின்மேல் இருக்கிற பட்டணமாக இருப்போம் என்று அவர் சொன்னதைப் பின்னாளில் தலைவர்கள் எத்தனையோ பேர் மேடையில் எடுத்துப் பேசினார்கள். இது மத்தேயு சுவிசேஷத்தில் வரும் வார்த்தை என்று மார்த்தாண்டம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும். ஆனால் விந்த்ராப் அதோடு நிறுத்தவில்லை. எல்லாருடைய கண்ணும் நம்மேல் இருக்கும், நாம் கடவுளுக்குப் பொய்யாக நடந்தால் உலகம் முழுவதும் நம்மைப் பழமொழி சொல்லிப் பழிக்கும் என்றும் சேர்த்துத்தான் எச்சரித்தார். பின்னால் வந்தவர்கள் பட்டணத்தை வைத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 1845இல், கண்டம் முழுவதும் பரவுவது எங்களுக்கு விதிக்கப்பட்டது என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார். அந்த விதி அங்கே ஏற்கெனவே குடியிருந்த பழங்குடிகளின் தலையில் விடிந்தது.

தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம், அதாவது கடவுள் தேர்ந்தெடுத்த ஜனம், என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதை அந்த நாடுகள் எல்லாம் எடுத்தது இஸ்ரவேலரின் வேதத்திலிருந்து. அந்த வேதத்திலேயே ஆமோஸ் என்று ஓர் ஆட்டிடையர், தீர்க்கதரிசி, என்ன சொல்கிறார் தெரியுமா? பூமியில் உள்ள வம்சங்களுக்குள் உங்களை மட்டும் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்கள் அக்கிரமங்களுக்கு உங்களைத் தண்டிப்பேன் என்று கடவுள் பேசுவதாகச் சொல்கிறார். அந்த 'ஆகையால்' என்ற ஒரு சொல்லில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். 'ஆகையால் உங்களுக்கு ஜெயம்' என்று வரும் என்றுதான் கேட்கிறவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அதே ஆமோஸ் இன்னும் கொஞ்சம் தள்ளி, உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்த நான்தான் பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடத்திலிருந்து கொண்டுவந்தேன், எத்தியோப்பியரும் நீங்களும் எனக்கு ஒன்றுதான் என்கிறார். எதிரிகளுக்கும் அதே கடவுள் வழிகாட்டியிருக்கிறார் என்று தன் ஜனங்களிடம் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

லிங்கனுக்கு இது புரிந்திருந்தது. 1861இல், உள்நாட்டுப் போர் வெடிக்க இருந்த வேளையில், தன் மக்களைக் கடவுளின் 'ஏறக்குறையத் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம்' என்றார். அந்த 'ஏறக்குறைய' இல்லாமல் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. நான்கு வருஷம் கழித்து, சாவுகளுக்குக் கணக்கே இல்லாமல் போன பிறகு, இரண்டு பக்கமும் ஒரே பைபிளைத்தான் படிக்கிறது, ஒரே கடவுளிடம்தான் ஜெபிக்கிறது, இரண்டு பேருடைய ஜெபமும் கேட்கப்பட்டிருக்க முடியாது என்று பதவியேற்பு உரையில் சொன்னார். அந்தப் போர் அடிமை முறைக்கான தண்டனையாக இருக்கலாம், அதில் வடக்குக்கும் பங்கு உண்டு என்றார். போரில் ஜெயிக்கப்போகிற பக்கத்துத் தலைவர் இப்படிப் பேசினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் அவர் நாடு 'ஏறக்குறைய'வை நெடுநாள் வைத்திருக்கவில்லை. கம்யூனிஸ்டு ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலத்தில், 1956இல், 'கடவுளை நம்புகிறோம்' என்பது சட்டப்படி அந்த நாட்டின் முழக்கமாக ஆனது.

அதே 1956 நவம்பர் முதல் தேதிதான் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சாமிக்கு எழுதிக் கொடுத்த ராஜ்யத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார்கள். அதற்கு ஏழு வருஷம் முன்பு, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது, சித்திரைத் திருநாள் மகாராஜா புதிய மாநிலத்தின் தலைவராக, அதாவது ராஜப்பிரமுகராகப் பதவிப் பிரமாணம் எடுக்கத் தயங்கினார். நான் பத்மநாபனின் தாசன், வேறு எதற்கும் எப்படிச் சத்தியம் செய்வேன் என்பது அவருடைய சங்கடம். கடைசியில் பிரமாணம் இல்லாமல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். இதே மகாராஜாதான் 1936 நவம்பர் 12ஆம் தேதி கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டவர். தன் மதத்தின் உண்மையில் தனக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருப்பதாகச் சொல்லித்தான் அந்தப் பிரகடனமே தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன்னால் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் போராட்டங்கள் நடந்திருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. கதவு தானாகத் திறக்கவில்லை.

நம் அரசியல் சட்டத்தில் 290ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது சேர்த்தது. கேரளம் வருஷந்தோறும் நாற்பத்தாறரை லட்சமும், தமிழ்நாடு பதின்மூன்றரை லட்சமும் கோயில்களைப் பராமரிக்கும் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. பழைய காலத்தில் கோயில் நிலங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்குப் பிரதியாக வந்த கடமை அது. சாமியின் நாடு என்ற அத்தனை பெரிய பேச்சிலிருந்து கடைசியில் மிஞ்சியிருப்பது இந்தக் கடன். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

குமரி முனைப் பாறையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் அங்கே வந்தார். பாரதத்துக்கு உலகத்தில் ஒரு தனி வேலை இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். ஆனால் அந்தப் பாறையில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் என்று பின்னால் சிகாகோவிலிருந்து எழுதிய கடிதத்தில் பெருமைப் பேச்சு இல்லை. இத்தனை சன்னியாசிகள் ஊர் ஊராகப் போய்த் தத்துவம் சொல்கிறோம், இது பைத்தியக்காரத்தனம், காலி வயிற்றுக்கு மதம் எதற்கு என்று குருநாதர் சொன்னாரே என்றுதான் எழுதியிருந்தார். இன்று படகில் ஏறி அந்தப் பாறைக்குப் போகிறவர்கள் அந்தக் கடிதத்தை ஒரு முறை படித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் பாட்டியிடம் இன்னொரு நாள் கேட்டேன். கோயில் திறந்த பிறகு முதல் தடவை உள்ளே போனாயே, என்ன வேண்டிக்கொண்டாய் என்று. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஒண்ணும் வேண்டல்ல மக்களே. எல்லாரும் நிக்கிற இடத்துல நானும் கொஞ்ச நேரம் நின்னேன்."

வணக்கம்.