காலடியில் ஒரு டிரம்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். தனியாக அமர்ந்து கிடார் வாசிப்பவர்களுக்குத் தாளத் துணை கொடுக்கும் கருவிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஹோட்டலிலோ கல்யாண வரவேற்பிலோ ஒரே ஒருவர் கிடாருடன் உட்கார்ந்து பாடுவார். டிரம்ஸ் வாசிப்பவர் யாரும் கண்ணில் படமாட்டார். ஆனால் டிரம்ஸ் கேட்கும். இதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். அந்த டிரம்ஸை யார் நடத்துகிறார்கள் என்பதுதான் என் பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு முழுவதும் இதற்கே திரும்பத் திரும்ப வருவேன். கிடார் வாசிப்பவருக்கு இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றன. இடக்கை கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு, பிடிக்கிறது, வலக்கை தந்தியை மீட்டுகிறது. கீபோர்டு வாசிப்பவர் ஒரு நொடி ஒரு கையை எடுத்துப் பொத்தானைத் தட்டிவிட்டுத் திரும்பலாம், பாட்டு நிற்காது. கிடாரில் எந்தக் கையை எடுத்தாலும் பாட்டு அறுந்துவிடும். ஆகவே தாளம் தரும் பெட்டிக்குள் எத்தனை தாளங்கள் இருக்கின்றன என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நான் கேட்பது இதைத்தான்: வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு எப்படிச் சொல்வது?

இந்தக் கருவிகள் கிடாரை நினைத்துப் பிறந்தவை அல்ல. அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 1959இல் சைடுமேன் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. வீட்டில் ஆர்கன் வாசிப்பவருக்குப் பக்கத்தில், தரையில் நிற்கும் மரப்பெட்டி. உள்ளே ஒரு மோட்டார் சுழலும். வட்டமாகப் பதித்த உலோக முனைகளை ஒரு கரம் தொட்டுக்கொண்டே போகும். தொடும்போதெல்லாம் ஓர் ஓசை. வால்ட்ஸுக்கு ஒரு பொத்தான், டாங்கோவுக்கு ஒரு பொத்தான். 1967இல் ஜப்பானில் ஏஸ் டோன் நிறுவனத்தின் ரிதம் ஏஸ் வந்தது. அதைச் செய்த இகுதாரோ ககேஹாஷிதான் பின்னர் 1972இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். இவையெல்லாம் பெரும்பாலும் ஆர்கன்காரர்களுக்காக வந்தவை. அவர்களுக்குப் பொத்தானைத் தட்ட ஒரு கை கிடைத்தது.

ஆனாலும் கிடார்க்காரர்கள் விட்டுவிடவில்லை. ஓக்லஹோமாவில் டல்சா நகரத்துச் சூழலில் வளர்ந்த ஜே.ஜே. கேல், 1970களின் தொடக்கத்தில் வந்த தன் முதல் இசைத்தட்டிலேயே இப்படியொரு பெட்டியை ஓடவிட்டு வாசித்தார். பெட்டி டிக் டிக்கென்று ஒரே சீராகப் போகும். அவர் கிடார் அதன்மேல் சற்றே பின்தங்கி, அவசரமே இல்லாமல் நடக்கும். பெட்டி மாறாது என்பதை ஏற்றுக்கொண்டு, அசைவு முழுவதையும் தன் விரலில் வைத்துக்கொண்ட கலைஞர் அவர். தனியாக வாசிக்கும் யாரும் அவரைக் கேட்க வேண்டும் என்று மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை. ரோஜர் லின் ஓர் அமெரிக்கக் கிடார் கலைஞர். அமெரிக்கப் பாடகர் லியோன் ரஸ்ஸலின் குழுவில் வாசித்தவர். சொந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்து பார்க்க அவருக்கு டிரம்ஸ் வேண்டியிருந்தது. அன்றைய பெட்டிகளில் வந்ததோ மின்சுற்றில் உண்டாக்கிய டிக்கும் டப்பும்தான். லின் என்ன செய்தார்? உண்மையான டிரம்ஸை வாசிக்கச் சொல்லி, ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகப் பதிந்து, நினைவகச் சில்லுகளில் ஏற்றிவிட்டார். 1980இல் வந்த அந்தக் கருவியின் பெயர் எல்எம்-1. விலை ஏறக்குறைய 5,000 டாலர். அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அதில் சிம்பல், அதாவது டிரம்ஸோடு நிற்கும் பெரிய உலோகத் தட்டின் ஓசை கிடையாது! சிம்பலைத் தட்டினால் ஓசை நெடுநேரம் நின்று அடங்கும். அந்த நீளம் முழுவதையும் பதிந்துவைக்கும் நினைவகம் அன்று கட்டுப்படியாகிற விலையில் இல்லை. 1982இல் வந்த லின்டிரம் கருவியில்தான் சிம்பல் சேர்ந்தது.

ஓசையைவிட அவர் செய்த இன்னொரு காரியம்தான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இயந்திரம் தட்டினால் எல்லா அடியும் சம இடைவெளியில் விழும். மனிதக் கை அப்படித் தட்டாது. அடிகளை இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டு, இரண்டாவது அடியைக் கொஞ்சம் தள்ளிப்போடும் வசதியை லின் வைத்தார். ஸ்விங் என்று அதற்குப் பெயர். 50 விழுக்காடு என்று வைத்தால் சம இடைவெளி: தக தக தக தக. 66 என்று வைத்தால்? நீங்களே சொல்லிப் பாருங்கள். அடுக்களையில் நிற்பவர்கள் விரலால் தட்டியும் பார்க்கலாம். தகிட, தகிட, தகிட என்று திஸ்ரத்தில், அதாவது மும்மூன்றாக, சொல்லுங்கள். இப்போது நடுவில் உள்ள 'கி'யை மட்டும் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுங்கள். த... ட, த... ட, த... ட. அதுதான் 66. இந்த 50க்கும் 66க்கும் நடுவில், திஸ்ரமும் இல்லாத, சமமும் இல்லாத ஓர் இடம் இருக்கிறது. கேட்பவரின் தலை தானாக ஆடுவது பெரும்பாலும் அங்கேதான். உங்கள் பெட்டியில் ஸ்விங் திருகு இருந்தால், தாளத்தை மாற்றுவதற்கு முன் அதைத் திருகிப் பாருங்கள்.

ஆனால் லின்னின் கருவியும் மேசையில் வைத்துப் பொத்தானைத் தட்டும் கருவிதான். கிடார்க்காரருக்கு இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றன என்றேன் அல்லவா? அப்போது மிச்சம் இருப்பது கால். காலால் தொடங்கவும் நிறுத்தவும் சில பெட்டிகளில் வசதி இருந்தது. பாட்டுக்கு நடுவில் தாளத்தை நடத்திச் செல்ல அது போதாது. அதற்கென்றே வந்தவை 2010களின் பெடல்கள், அதாவது தரையில் வைத்துக் காலால் மிதித்து இயக்கும் பெட்டிகள். சிங்குலர் சவுண்ட் நிறுவனத்தின் பீட்பட்டி அவற்றில் நன்கு அறியப்பட்டது. மிதித்தால் தாளம் தொடங்கும். நடுவில் மிதித்தால் ஒரு ரோல், அதாவது வழக்கமான தாளத்திலிருந்து விலகி வரும் சிறு டிரம்ஸ் அடுக்கு, வரும். இதைக் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். நான்கு அடித் தாளத்தில் மூன்றாவது அடியில் மிதித்தால், ரோலை அது முதலிலிருந்து தொடங்குவதில்லை. ரோலின் மூன்றாவது அடி எதுவோ அங்கிருந்து எடுத்து, அந்தச் சுற்றிலேயே முடித்து, அடுத்த சுற்றின் சமத்தில், அதாவது முதல் அடியில், சரியாக வந்து நிற்கும். கால் முன்னே பின்னே விழுந்தாலும் சமம் தவறாது. மிதித்தபடியே காலை வைத்திருந்தால் ரோல் தொடரும். எடுத்ததும் பல்லவித் தாளம் போய்ச் சரணத்துக்கான தாளம் வரும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். என் மாணவர் ஒருவர் மாலையில் ஓர் உணவகத்தில் வாசிக்கிறார். பிறந்தநாள் கொண்டாட வந்த குடும்பம். பாட்டு முடிவதற்குள் கேக் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. கைப்பேசியில் ஓடும், முன்பே பதிந்த டிராக்காக இருந்தால் மூன்றரை நிமிடத்தில் அது முடிந்துவிடும், அவரும் நிறுத்த வேண்டும். அவர் காலடியில் பெடல் இருந்தது. ஒரு ரோல் போட்டுப் பல்லவிக்குத் திரும்பினார், கிடாரிலேயே ஒரு சுற்று வாசித்தார், மறுபடியும் பல்லவி. கேக் வண்டி மேசையருகே வந்து, மெழுகுவத்தி ஏற்றியபின் கடைசி ரோலைப் போட்டு முடித்தார். பாட்டின் நீளத்தை வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டும், கருவி தீர்மானிக்கக் கூடாது. நான் வலியுறுத்துவது இதைத்தான்.

இதற்குக் காலைப் பழக்க வேண்டும். நம்மில் பலர் தாளத்துக்குத் தட்டும் அதே காலால்தான் மிதிப்போம். தட்டுகிற காலை உயர்த்திப் பெடலைத் தேடினால் வலக்கை அந்த நேரத்தில் ஓடிவிடும். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைப் பெடலின்மேல் நிறுத்தி, தாளத்தை மற்றக் காலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிடார் இல்லாமல் காலை மட்டும் முதலில் பழக்குங்கள்.

இன்னொரு வகைப் பெடலும் உண்டு. டிஜிடெக் நிறுவனத்தின் டிரியோ 2015இல் வந்தது. நீங்கள் வாசிக்கும் கார்டுகளையும் மீட்டும் விதத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பேஸும் டிரம்ஸும் தானே சேர்த்துத் தரும். முதல் அடியில் மிதித்து, வாசித்து, அடுத்த சுற்றின் முதல் அடி விழும் இடத்தில் மறுபடி மிதிக்க வேண்டும். அந்த இரண்டாவது மிதி பிசகினால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிசகு திரும்ப வரும். வீட்டில் பயிற்சிக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். மேடையில், கேட்பவர்களைப் பார்த்துப் பாட்டை நீட்டிக் குறுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, காலுக்குக் கட்டுப்படும் எளிய பெடலே நல்லது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். கணினியில் வந்துள்ள டிரம்மர் மென்பொருள்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்கு இன்னொரு நாள் வேண்டும். போகுமுன் ஒன்று மட்டும். டிரம்ஸ் பெடலைக் கிடார் ஆம்ப்ளிஃபயரில் செருகாதீர்கள். அதன் ஸ்பீக்கர் கிடாரின் நடுத்தர ஓசைக்காகச் செய்தது. பேஸ் டிரம்மின் அடித்தொனியும் சிம்பலின் மேல்தொனியும் அதில் வெளியே வராது. கீபோர்டு ஆம்ப்ளிஃபயரிலோ, பாடும் மைக் போகும் மிக்ஸரிலோ கொடுங்கள். டிரியோவில் கிடாருக்கு ஒரு வழி, மிக்ஸருக்கு ஒரு வழி என்று இரண்டு வெளியீடுகள் இதற்காகவே இருக்கின்றன. டிரம்ஸின் அளவு, உங்கள் குரலுக்கும் கிடாருக்கும் கீழே இருக்கட்டும். நன்றி, வணக்கம்.