சோழமண்டலமும் நமக்கு வேண்டிய ஒரு சுவரும்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு நடுவிலும் முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த புலவர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்துச் செயலாளர் தம்பி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம். நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நூலகக் கூரை ஒழுகியபோது மனு கொடுத்த மறு வாரமே ஆள் அனுப்பினார்கள். அந்த உரிமையில்தான் இன்று இன்னொன்றும் கேட்கப் போகிறேன்.

'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்பார்கள். உடம்பைப் பேணச் சொல்வதற்கு நம் பெரியவர்கள் எடுத்தாண்ட பழமொழி. ஓவிய ஆசிரியனாகவே வாழ்ந்துவிட்ட நான் அதை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறேன். சுவர் வேண்டும், அவ்வளவுதான்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்தேன். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எப்படிப் பிறந்தது என்பது ஒன்று. அங்கே எழுதப்பட்ட ஓவியங்களை எப்படிப் பார்ப்பது என்பது இரண்டு. இத்தனை காலம் அது எப்படி நிலைத்தது என்பது மூன்று.

முதலில் பிறப்பு. சென்னை ஓவியப் பள்ளி 1850-இல் தொடங்கியது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தார். அதற்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையைப் புரட்டுகிறார்களே நாலு பேர், அந்த உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம்தான். அவரிடம் படித்து, அதே பள்ளியில் ஆசிரியராகி, பிறகு முதல்வராகவும் ஆனவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1944-இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்.

முதல்வர் நாற்காலியில் இருந்த பணிக்கரை ஒரு கவலை அரித்தது. ஆண்டுதோறும் திறமையான பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போகிறார்கள். போன பிறகு என்ன செய்வார்கள்? அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ ஒரு வேலைக்குப் போவார்கள், தூரிகை பரணுக்குப் போய்விடும். அவர் கண்ட வழி நமக்கெல்லாம் பாடம். மாணவர்களையும் பழைய மாணவர்களையும் கூட்டி, மெழுகை உருக்கித் துணியில் வரைந்து சாயத்தில் முக்கி எடுக்கும் பாத்திக் வேலையில் இறக்கினார். அந்தத் துணிகளும் மற்ற கைவினைப் பொருள்களும் விற்றன. அந்தக் காசில்தான் கடலோரத்தில் மணலும் சவுக்குமாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். முப்பது நாற்பது பேர் சேர்ந்து 1966-இல் சோழமண்டலம் எழுந்தது. இன்றைக்கு இருக்கும் அகலமான கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று கிடையாது. தொடக்கத்தில் மின்சாரமும் கிடையாது. எந்த அரசும் கொடையாளரும் கட்டிக்கொடுத்த இடம் அல்ல அது. தங்கள் சுவரைத் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

அந்தச் சுவரில் யார் யாருடைய படங்கள் ஏறின என்று எண்ணிப் பாருங்கள். ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பிற்காலத்தில் பாரிஸ் போய்ப் பெயர் பெற்ற வி. விஸ்வநாதன். சிற்பத்தில் பி.எஸ். நந்தன், அனிலா ஜேக்கப், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால். கனவு மாளிகைகளைக் கறுப்பு மையால் இழைத்து இழைத்து எழுதிய கே. ராமானுஜம், 1973-இல் இளம் வயதிலேயே நம்மை விட்டுப் போனார். அவருடைய படத்துக்கு முன்னால் நிற்கும் எவருக்கும் தொண்டை அடைக்கும். பணிக்கரோ 1963-இலிருந்து சொல்லும் குறியீடும் என்ற வரிசையை எழுதினார். ஜாதகக் கட்டம்போல் கட்டங்கள், ஏட்டுச்சுவடிபோல் எழுத்துகள், நடுவில் பறவையும் பாம்பும். அந்த எழுத்தை வாசிக்க முடியாது, பார்க்கத்தான் முடியும்.

பார்ப்பது என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளை மாமல்லபுரம் சுற்றுலா கூட்டிப் போனோம். ஈஞ்சம்பாக்கம் வந்ததும் ஓட்டுநரிடம், "தம்பி, ஓரமா நிறுத்துங்க" என்றேன். உடன் வந்த ஆசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. "ஐயா, இங்க என்ன இருக்கு? முதலைப் பண்ணைக்கு நேரமாகுது. பிள்ளைங்க முதலைதான் பார்க்கணும்னு ஆசைப்படுது" என்றார். அரை மணி நேரம் என்று கெஞ்சி இறக்கிவிட்டேன். பிள்ளைகள் உள்ளே போய்ப் பேசாமல் நின்றார்கள். ஒருத்தி, "சார், இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். இன்னொருத்தன், "இதை நானே வரைவேன்" என்றான். உடன் வந்த ஆசிரியர் என்னைப் பார்த்தார், நான் சொன்னேனா என்பதுபோல.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். எந்த வகுப்பிலும் கடைசி வரிசைதான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். அவன் அப்பா பாத்திரப் பட்டறையில் கூலி வேலை. அவன் மட்டும் நந்தகோபாலின் உலோகச் சிற்பம் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறான். குனிகிறான், பின்பக்கம் எட்டிப் பார்க்கிறான். "என்னடா பார்க்கிற?" என்றேன். "சார், இது வார்த்தது இல்ல சார். தகடு வெட்டிப் பத்த வெச்சிருக்காங்க. இந்த மூட்டைப் பாருங்க, செம்பும் பித்தளையும் சேர்ற இடம். சூடு கொஞ்சம் கூடினாலும் தகடு நெளிஞ்சிடும். நெளியவே இல்ல. பெரிய கைகாரர் சார்" என்றான்.

எல்லாப் பிள்ளைகளும் அவனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கிறார்கள். முதலைப் பண்ணைக்கு அவசரப்பட்ட ஆசிரியரும் கூட்டத்துக்குள் தலையை நுழைத்து, "இது எப்படிடா ஒட்டினாங்க?" என்று கேட்கிறார்! அன்றைக்கு அந்தப் பையன்தான் எங்கள் எல்லோருக்கும் வாத்தியார். பேருந்தில் திரும்பும்போது அவன் பக்கத்தில் உட்கார இடம் பிடிக்கச் சண்டை நடந்தது. ஊர் வந்ததும், "சார், எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டணும் சார். இதெல்லாம் செய்யலாம்னு அவருக்குத் தெரியாது" என்றான்.

(கைதட்டல்)

கைதட்டியதற்கு நன்றி. ஆனால் அந்த அப்பா இன்றுவரை அதைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துக் கட்டணம் கொடுத்து, அவ்வளவு தூரம் அவர் எப்படிப் போவார்?

இங்கேதான் என் வழக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. சிற்பம் பயில மாமல்லபுரம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் சொந்த ஊருக்குத் திரும்பினால் அவர்கள் படத்தை எங்கே மாட்டுவது? மாவட்ட அருங்காட்சியகங்களில் பழைய சிலையும் நாணயமும் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். உயிரோடு இருக்கும் ஓவியனுக்கு, நம் ஊர்த் தெருவை வரைகிற பிள்ளைக்கு, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு கூடம் வேண்டாமா? கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சி வைத்து, நான்காம் நாள் முகூர்த்தம் என்று ஆணியைப் பிடுங்குகிறோமே, அதுவா முறை?

சோழமண்டலத்தில் 2009-இல் ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். சென்னை ஓவியப் பள்ளியைச் சுற்றி வளர்ந்த சென்னை ஓவிய இயக்கத்தின் வேலைகள் அங்கே நிரந்தரமாக இருக்கின்றன. அதற்காக ஓடி ஓடி உழைத்த நந்தகோபால் 2017-இல் மறைந்தார். பணிக்கர் 1977-இலேயே போய்விட்டார். இருந்தும் அந்தச் சுவர் நிற்கிறது, அது எப்படி நிலைத்தது என்பதுதான் என் மூன்றாவது செய்தி. விற்பதில் ஒரு பங்கைப் பொதுச் செலவுக்கு எடுத்து வைத்ததும் ஒரு காரணம். அந்தக் கணக்கையெல்லாம் இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம், நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 1948-இல் இந்தச் சென்னை மாகாணத்தில்தான் இந்தியாவிலேயே முன்னோடியாகப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தக் காசில்தான் ஏழைப் பிள்ளையும் இங்கே வந்து படிக்கிறது. புத்தகத்துக்கு ஊர் கூடிச் சுவர் எழுப்ப முடிந்தது. சித்திரத்துக்கு முடியாதா? புது வரியும் நான் கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தின் மாடிக் கூடத்தில் பழைய நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் தலையசைக்கிறார்கள், மகிழ்ச்சி. அந்தக் கூடத்தைச் சுண்ணாம்படித்து, நாலு விளக்குப் போட்டு, மாதம் ஓர் ஓவியர் என்று கொடுங்கள். முதல் மாதத்துக்குப் படம் மாட்ட என் பழைய மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். ஆணியும் கயிறும்கூட நாங்களே கொண்டுவருகிறோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் ஐயா, சுவரை மட்டும் கொடுங்கள்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாக மேடை ஏறும் முன்பே சொன்னார்கள். அவர்கள் போட்டதும் வரிசையாக நீங்களும் போடுங்கள், பேனா வைத்திருக்கிறோம். வணக்கம்.