ஆயுதமும் புல்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, மூட்டுவலியோடு மாடிப்படி ஏறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மறுத்த தம்பியே, வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. போன ஆண்டு நான் வேறொருவருக்குப் போர்த்திய அதே துண்டு என்று நினைக்கிறேன்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விடுவதில்லை. வியட்நாம் போரில் அமெரிக்கா இதைத் தலைகீழாக்கிக் காட்டியது. அப்போது அதன் சிப்பாய்கள் கையில் இருந்த எம்-16 துப்பாக்கி பற்றி மூன்று செய்திகள்: வடிவமைப்பு, வெடிமருந்து, துடைப்பு.

வடிவமைத்தவர் யூஜின் ஸ்டோனர். முந்தைய எம்-14 கனமானது, தோட்டா 7.62 மி.மீ. இவருடையது அலுமினியமும் பிளாஸ்டிக்குமாக லேசானது, தோட்டா 5.56 மி.மீ. அதே சுமையில் கூடுதல் தோட்டா தூக்கலாம். 

அடுத்து வெடிமருந்து. ஸ்டோனர் துப்பாக்கியை உருவாக்கியது குச்சி வடிவ மருந்துக்கு. படைக்குத் தோட்டா வாங்கும்போது உருண்டை மருந்துக்கு மாறினார்கள். சுடும் வேகம் ஏறியது, கரியும் ஏறியது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சு கிடையாது. வியட்நாம் ஈரத்தில் அது அரித்துப்போய், சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. குழல்முனை வழியாகக் கம்பியை விட்டு இடித்துத்தான் தள்ள வேண்டும், எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே! அந்தக் கம்பியும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. இந்தத் துப்பாக்கியைத் துடைக்கவே வேண்டாம் என்றொரு பேச்சு வேறு. பிரித்துப் போட்ட துப்பாக்கியின் பக்கத்திலேயே பிணமாகக் கிடந்தவர்கள் உண்டு. மேலிடம் சொன்ன பதில்: பையன்கள் சரியாகத் துடைப்பதில்லை.

இந்தப் பதிலை நானும் வாங்கியிருக்கிறேன். வயலுக்கு ஒரு பெட்ரோல் மருந்துத் தெளிப்பான் வாங்கினேன். கையேடு முழுக்க ஆங்கிலம், பின்பக்கம் சீன எழுத்து. மச்சான் சொன்னார், "மாமா, பெட்ரோலை ஊத்தி இழுங்க, தானா ஓடும்." ஓடியது. மூன்றாம் நாள் வரப்பில் நின்று இழுக்கிறேன், கயிறு அசையவில்லை. மச்சான் இழுத்தார், சேற்றில் விழுந்தார். வேலைக்கு வந்த பெண்கள் சிரித்தது பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். கடைக்குத் தூக்கிப்போனால், "ஆயில் கலந்து ஊத்தலையா? புக்ல போட்டிருக்கே சார்!" பிஸ்டன் போய்விட்டது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், சரி. புத்தகம் புரியாதவனுக்கு ஆயுதமும் புல்தான்.

அமெரிக்காவிலோ, சிப்பாய்களின் கடிதங்கள் நாடாளுமன்றம் வரை போயின. 1967-ல் இக்கார்டு என்ற உறுப்பினர் தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்து, படை நிர்வாகத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. 1968-ல் வில் ஐஸ்னர் என்ற சித்திரக்கதைக் கலைஞரை வைத்து, எப்படிப் பிரிப்பது, எங்கே எண்ணெய் விடுவது என்று படக்கதையாகவே ஒரு கையேடு போட்டார்கள். எந்த மொழியில்? பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த சிப்பாய் பேசுகிற மொழியில்! அவர்களுக்கு அவர்கள் மொழியில் படம் போட்டுக் கொடுக்க முடிகிறது. தமிழ்நாட்டில் விற்கும் மோட்டாருக்கும் தெளிப்பானுக்கும் தமிழில் நாலு பக்கம் அச்சடிக்க என்ன கேடு?

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். துடைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. தமிழ்க் கையேடு கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. டீ குடிக்கும் முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். போன முறை பேனா காணாமல் போனதால், இந்த முறை நூல் கட்டி வைத்திருக்கிறேன்.