ஏரிக்கரையில் ஒரு சென்ட்ரி

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், போகி வேலையை முடித்துவிட்டு ஆவடியின் இந்த மைதானத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பல பேர் நாற்காலியில் சாயாமல் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் யார் பட்டாளத்தில் இருந்தவர்கள் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற ராணுவ வீரருக்கு நிம்மதி நகரத்திலா, கிராமத்திலா? இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் நகரம்தான் என்றார். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றார். கடைசியாக, 'இத்தனை வருஷம் காவல் காத்த மனுஷன் இனியாவது காலை நீட்டி உட்காரட்டுமே, அவருக்கு எதற்கு வயலும் வரப்பும் நாயும்?' என்று கேட்டார். பலமாகக் கை தட்டினீர்கள். அந்தக் கடைசிக் கேள்வியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் என் அப்பாவை எட்டு வருடம் இதே சென்னையில் அப்படி உட்கார வைத்துப் பார்த்தவள் நான்.

அப்பா 1984-ல், 19 வயதில், மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி. 1758-ல் தொடங்கிய படை அது, நம் ராணுவத்தின் காலாட்படைகளில் மூத்தது. 24 வருட சர்வீஸ் முடித்து 2008-ல் ஹவில்தாராக வெளியே வந்தபோது அவருக்கு வயது 43. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மற்ற அரசு வேலைகளில் 60-ஐ ஒட்டி வரும் ஓய்வு, சிப்பாய்க்கு நாற்பதை ஒட்டி வந்துவிடுகிறது. தோளில் வலு இருக்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது, விடிவதற்கு முன்னால் உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. அந்த ஆளைப் பார்த்து 'காலை நீட்டு' என்றால் அவர் எங்கே நீட்டுவார்?

நாங்கள் படிக்க வேண்டும் என்பதற்காக அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு எடுத்தார். ஒரு ஏடிஎம் வாசலில் காவல் வேலை. காலை நாலரைக்கு எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்துவிட்டு, பால்கனியில் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பகல் எப்படியோ போய்விடும். ராத்திரிதான் கஷ்டம். லிஃப்ட் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவார். மாடிப்படியில் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் எழுந்து உட்காருவார். தீபாவளி வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம் கிடையாது. அம்மா விளக்கைப் போட்டு, 'ஒண்ணுமில்லங்க, நம்ம வீடுதாங்க' என்பார். அந்தக் குடியிருப்பில் இரவுக் காவலாளி இருந்தார். நல்ல மனிதர். ஆனாலும் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. அது ஏன் என்று எனக்குப் புரிய இன்னும் பல வருடம் ஆனது.

2016-ல் தங்கை படிப்பை முடித்த மாதமே அப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார். உத்திரமேரூர் பக்கம், தாத்தா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர், ஏரிப் பாசனம். 'சாகுபடியில் என்ன மிஞ்சும்?' என்று நானே சண்டை போட்டேன். மிஞ்சுவது கொஞ்சம்தான், அதை மறைக்க மாட்டேன். சம்பா, நவரை என்று இரண்டு போகமும் வருகிற அளவுக்கு ஏரியில் தண்ணீர் நின்றால் சாப்பாட்டு அரிசிக்குப் பஞ்சமில்லை. மேட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறார். அந்த மல்லாட்டைக்குக் காட்டுப்பன்றி வருகிறது. பன்றியை விரட்டத்தான் முதல் நாய் வந்தது. பெயர் மணி. அப்புறம் யாரோ ஏரிக்கரையில் விட்டுப்போன இரண்டு குட்டிகள், வெள்ளச்சியும் கருப்பனும். மூன்றும் நாட்டு நாய்கள்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று யாரும் விசாரித்து வரமாட்டார்கள்.

நடுவர் அவர்களே, ஒரு ராத்திரியை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மே மாத விடுமுறைக்குப் போயிருந்தேன். கரண்ட் இல்லை. எல்லோரும் வாசலில் படுத்திருந்தோம், அப்பா கயிற்றுக் கட்டிலில். இரண்டு மணி இருக்கும். அப்பா சடக்கென்று எழுந்து உட்கார்ந்தார். எனக்கு அம்பத்தூர் ஞாபகம் வந்துவிட்டது, வயிற்றைக் கலக்கியது. கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த வெள்ளச்சி தலையைத் தூக்கியது. அதன் காது ஏரிப் பக்கம் திரும்பியது. அப்புறம் தெருப் பக்கம். மூக்கை ஒரு தடவை உயர்த்தியது. பிறகு மெதுவாகத் தாடையை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணை மூடியதும் இவரும் படுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.

காலையில் கேட்டேன். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குச் சொன்னார். 'காஷ்மீர்ல பூஞ்ச் பக்கம் எங்க போஸ்ட்டுக்கு ஒரு நாய் தானா வந்து சேந்துச்சும்மா. பனி இறங்கினா பத்தடிக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாது. அதோட காது எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் நாங்களும் திரும்புவோம். அது தலையைக் கீழ வச்சிருச்சுன்னா நாங்க மூச்சு விடுவோம். காவலுக்கு நிக்கிற சென்ட்ரி முழிச்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான் பட்டாளத்துக்காரனுக்குத் தூக்கம் வரும்.'

அண்ணனுக்கு என் பதில் இதுதான். 24 வருடம் முறை போட்டுக் காவல் காத்தவர் அவர். ஒருவன் விழித்திருப்பான், மற்றவன் அவனை நம்பித் தூங்குவான். நகரத்துக்கு வந்ததும் அந்த முறை அறுந்துபோனது. கேட்டில் சம்பளத்துக்கு ஒருவர் இருக்கிறார் என்று மூளைக்குத் தெரியும், உடம்பு நம்பாது. ஊரில், கட்டிலுக்குக் கீழே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்த முறை திரும்பக் கிடைத்துவிட்டது. பகலில் நாய்களுக்கு இவர் காவல், ராத்திரியில் இவருக்கு அவை காவல். ஊருக்குப் போன பிறகு அப்பா தூக்கத்தில் கத்துவது குறைந்து குறைந்து, இப்போது இல்லை என்றே அம்மா சொல்கிறார். எல்லா வீரருக்கும் இப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். என் அப்பாவுக்குத் தூக்கம் வந்த இடம் இது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

வேலையும் அப்படித்தான். சாயங்காலம் ஆனால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு முற்றத்தில் உட்காருவார். நாய்கள் ஒவ்வொன்றாக வந்து காலை நீட்டும். முழங்கால் மேல் அந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்து, இடுக்கில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருவார். எங்கேயாவது வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அங்கே சீமைக் கருவேல முள் இருக்கிறது என்று அர்த்தம். முள்வாங்கியால் எடுத்துவிட்டு வேப்பெண்ணெய் தடவுவார். அடுத்து காது மடிப்பு. உண்ணியைப் பிடுங்கி மண்ணெண்ணெய் இருக்கும் மூடியில் போடுவார். 'என்னப்பா இது, தினமுமா?' என்றேன். 'ரூட் மார்ச் நடந்து முடிஞ்சு வந்தா முதல்ல கால் பரிசோதனைதான். செக்‌ஷன்ல ஒருத்தன் கால்ல கொப்புளம் வந்தா அது செக்‌ஷன் கமாண்டர் தப்பு' என்றார். அந்த வாளி மேல் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தில் இருக்கும் பொறுப்பை அம்பத்தூர் பால்கனியில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

காலையில் ஏரிக்கரைக்குப் போய் மதகைப் பார்த்துவிட்டு வருவார், நாய்களும் கூடவே போகும். இப்போது அந்தக் கரையில் பட்டாளத்தில் சேர ஆசைப்படும் பையன்கள் ஓடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண், புல்-அப்ஸ் 10, தாண்ட வேண்டிய பள்ளம் 9 அடி. 2022-ல் ராணுவ ஆள்சேர்ப்புக்கு அக்னிபாத் திட்டம் வந்த பிறகு நாலு வருட வேலைதானே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அதை அப்பாவிடம்தான் வந்து கேட்கிறார்கள். அவர் விசிலும் ஸ்டாப்வாட்சுமாக நிற்க, கருப்பன் பையன்களுக்கு முன்னால் ஓடுகிறது. கருப்பனைப் பிடித்தவன் தேறிவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. மூச்சு வாங்கும் நேரத்தில் அப்பா 'வீர மதராஸி!' என்று குரல் கொடுப்பார். 'அடி கொல்லு! அடி கொல்லு!' என்று பையன்கள் கத்துவார்கள். அது அவருடைய படையின் போர்முழக்கம்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ராத்திரி நெஞ்சு வலி வந்தால் எங்கள் ஊரில் இருந்து பெரிய ஆஸ்பத்திரி தூரம்தான், 108 வந்து சேர நேரம் எடுக்கும். அந்தப் பயத்தோடுதான் நான் இங்கே தூங்குகிறேன். ஆனால் மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்காக ஒரு மனிதரை வருடம் முழுக்க மூன்றாவது மாடியில் வைத்திருக்க வேண்டுமா? முன்னாள் படைவீரர்களுக்கு 2003-ல் இருந்து இசிஎச்எஸ் என்ற மருத்துவத் திட்டம் இருக்கிறது. அப்பா மாதம் ஒரு முறை சென்னை வருகிறார். பாலிகிளினிக், கேண்டீன் இரண்டையும் முடித்துவிட்டு என் வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிறார். மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் போய்விடுகிறார். நவம்பர் மாத உயிர்ச்சான்றிதழைக் கைப்பேசியிலேயே கொடுத்துவிடுகிறார். பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதைப் பற்றியும் சொன்னார் அண்ணன். அம்பத்தூரில் ஒரே வீட்டில் இருந்தபோது நானும் அப்பாவும் பேசியதைவிட இப்போது போனில் பேசுவது அதிகம்.

'நாய் என்றால் வெறிநாய்க்கடி பயம் இல்லையா?' என்று எதிரணியில் ஒரு தங்கை கேட்டார். இது முக்கியமான கேள்வி, நிதானமாகப் பதில் சொல்கிறேன். வெறிநோய் முற்றி அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் முன்கூட்டியே தடுத்துவிடலாம். எங்கள் மூன்று நாய்களுக்கும் வருடம் தவறாமல் ஊசி. அப்பா அதோடு நிற்கவில்லை. கால்நடை மருந்தகத்தில் இருந்து ஊசி போட வரும் நாளில் தெரு நாய்களையும் பிடித்துக் கொடுப்பது அவர்தான். போன வருடம் எங்கிருந்தோ வந்த ஒரு நாய் பக்கத்து வீட்டுப் பையன் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அவன் பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து எடுத்து வந்துவிட்டார். அப்பா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மோட்டார் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவினார். பையன் அழுதான், விடவில்லை. அப்படியே வண்டியில் வைத்து ஆரம்ப சுகாதார நிலையம். அன்றைக்கு ஒரு ஊசி, பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில். நாலு தடவையும் அப்பாதான் கூட்டிப்போனார். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அன்றே அழைத்துப் போனார். பையன் இப்போது ஏரிக்கரையில் கருப்பனோடு ஓடுகிறான். இப்படி ஒரு ஆள் ஊரில் இருந்தால் பயம் கூடுமா, குறையுமா?

கிராமமும் காவல்காரனும் நாயும் சேர்ந்து இருப்பது நமக்குப் புதிது இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிரைக் கொடுத்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். அந்த வீரன் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. அதற்குப் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். கல்லுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வரும்போது, 'நாய் பேரையும் போட்டிருக்கான் பாரு' என்று மட்டும் சொன்னார்.

மணி போன ஐப்பசியில் இறந்துபோனது. மழையில் பன்றியை விரட்டிப் போய் வயிற்றில் குத்து வாங்கியது. அப்பா இரண்டு ராத்திரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், காப்பாற்ற முடியவில்லை. வரப்போரப் புங்கமரத்தடியில் புதைத்தார்கள். வேலைக்காக இங்கேயே இருந்துவிட்டேன், என்னால் போக முடியவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடிக்கிறேன். நாளை மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்கள் வீட்டில் மாடு இல்லை. அப்பா வெள்ளச்சியையும் கருப்பனையும் ஏரியில் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போடுவார். இந்த வருடம் மாலை மூன்று வேண்டும், ஒன்று புங்கமரத்தடிக்கு என்று சொல்லியிருக்கிறார். பூவை வாங்கி வீட்டில் நனைத்து வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். தீர்ப்பைக் கிராமத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.