காற்று சுழற்றினால்தான் காற்றாலை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் காற்றாலை மாதிரி வைக்காத வருடமே கிடையாது. தெர்மோகோல் மலை, அதன் மேல் ஒரு கோபுரம், உச்சியில் சின்ன மோட்டார், அதில் மூன்று அட்டை இறக்கைகள். மேசைக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் சுவிட்சைப் போட்டால் இறக்கை சுற்றும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பெயர் மின்விசிறி. ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் நிற்பவை இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன. அங்கே காற்று இறக்கையைச் சுழற்றுகிறது, இறக்கை ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, மின்சாரம் வெளியே வருகிறது.

அதே மேசைகளில் இன்னொன்றும் கண்ணில் படும். வண்ணம் பூசுவது, எழுத்து ஒட்டுவது, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வது எல்லாம் பெண்பிள்ளைகள் பங்கு. ஒயர் இணைப்பதும் ஸ்க்ரூ முடுக்குவதும் பையன்கள் பங்கு. யாரும் வேண்டுமென்று இப்படிப் பிரிப்பதில்லை. ஐந்து பேருக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் என்றால் அது ஒரே கையில் போய் நின்றுவிடும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவிகள் முதல் ஒயரிலிருந்து கடைசி ஸ்க்ரூ வரை தாங்களே செய்து, நிஜக் காற்றில் ஓடி, நிஜமாக விளக்கு எரியும் ஒரு காற்றாலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஓலைக் காற்றாடியிலிருந்து தொடங்கலாம். பனையோலைத் துண்டு இரண்டைக் குறுக்காகக் கோத்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி ஓடவிடும் அதே காற்றாடிதான். பத்து நிமிட வேலை. துளை முள்ளை இறுக்கிப் பிடித்தால் ஓடாது. துளை பெரிதானால் ஆட்டம் கண்டு ஒரு பக்கம் சாயும். ஓலைகளின் திருப்பம் ஒன்றுக்கொன்று மாறிப்போனால் ஒரு ஓலை தள்ளுவதை மற்றது தடுத்துவிடும், எவ்வளவு ஊதினாலும் சுற்றாது. உராய்வு, சமநிலை, இறக்கையின் சாய்வு ஆகிய மூன்றும் பிள்ளைகளின் விரலுக்கு இங்கேயே பழகிவிடும். பெரிய காற்றாலையில் வரும் பிழைகளும் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

அடுத்தது மோட்டார். அதன் அச்சை நாம் சுழற்றினால் அதுவே ஜெனரேட்டராகி மின்சாரம் தரும். பொம்மைக் காரில் இருக்கும் சின்ன மோட்டாரை எடுத்தீர்கள் என்றால் முதல் நாளே சோர்ந்துபோவீர்கள். அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றினால்தான் ஓரிரு வோல்ட் தரும். கையால் செய்த இறக்கை சில நூறு சுற்றுதான் சுற்றும். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கு 3 வோல்ட் வரை வேண்டும். இரண்டுமே எரியாது. பழைய பிரிண்டருக்குள் இருக்கும், கட்டம் கட்டமாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரை எடுங்கள். அதில் காந்த முனைகள் பல இருப்பதால் மெதுவாகச் சுற்றினாலே போதுமான வோல்ட் கிடைக்கும். அச்சை விரலால் திருகினால் எல்.இ.டி. மின்னுவதைப் பார்க்கலாம்.

அந்த மோட்டாரிலிருந்து நான்கு, ஐந்து அல்லது ஆறு ஒயர்கள் வரும். எது எதற்கு ஜோடி? மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டரை ஓம் அளவில் (மின்தடை) வைத்து இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். அளவு காட்டினால் இரண்டும் மோட்டாருக்குள் இருக்கும் ஒரே கம்பிச் சுருளைச் சேர்ந்தவை, ஒன்றும் காட்டாவிட்டால் வேறு வேறு சுருள். ஐந்து ஒயர் மோட்டாரில் மட்டும் எல்லாமே ஒன்றோடொன்று தொடர்பு காட்டும். அதில் மற்ற நான்கோடும் ஒரே குறைந்த அளவைக் காட்டும் ஒயர்தான் பொது ஒயர். அதையும் மற்ற நான்கில் ஏதாவது ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

மீட்டர் இல்லாமலும் ஜோடியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இதை ஒவ்வொரு மாணவியும் செய்து பார்க்க வேண்டும் என்பேன். ஒயர்களைத் தனித்தனியே விட்டுவிட்டு அச்சைத் திருகுங்கள், லேசாக, கட்டம் கட்டமாகத் திரும்பும். ஏதாவது இரண்டு ஒயரின் நுனிகளை ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி திருகுங்கள். அவை ஒரே சுருளின் இரு முனைகளாக இருந்தால் அச்சு சட்டென்று கனமாகிவிடும். மின்சுற்று மூடியதும் சுருளில் மின்சாரம் ஓடுகிறது, அந்த மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம் திருகும் கையை எதிர்க்கிறது. பள்ளிப் பாடத்தில் மின்காந்தத் தூண்டல் என்று எழுதிப் படிப்பதை இங்கே மணிக்கட்டே உணர்ந்துகொள்ளும்.

ஸ்டெப்பர் மோட்டார் தருவது மாறுதிசை மின்சாரம் (ஏ.சி.). எனவே ஒரே ஜோடி ஒயரில் இரண்டு எல்.இ.டி.களை எதிரெதிராக, ஒன்றின் நீளக் கால் மற்றதன் குட்டைக் காலோடு சேரும்படி இணையுங்கள். இரண்டும் மாறி மாறி மின்னும். இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. எல்.இ.டி. தலைகீழாக ஏறத்தாழ 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எதிரெதிராக இருந்தால் ஒன்று எரியும்போது மற்றதன் மேல் அவ்வளவு ஏறாது.

இப்போது இறக்கை. பழைய ரப்பர் செருப்பின் அடிப்பகுதியில் 6 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் சம இடைவெளியில் ஆறு இடத்தில் கோணி ஊசியால் நடுவை நோக்கித் துளை போடுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மூங்கில் குச்சிகளில் 15 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம் உள்ள சன்போர்டு (லேசான நுரைப் பலகை) இறக்கைகளை ஒட்டி, குச்சியைத் துளையில் செருகுங்கள். ரப்பர் குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வேண்டும்போது திருப்பிச் சாய்வை மாற்றவும் விடும். வட்டத்தின் நடுவை மோட்டார் அச்சின் பல்சக்கரத்தில் ஏற்றி எம்-சீல் பசை வைத்து ஒட்டுங்கள். அதன் இரண்டு பகுதிகளையும் சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை பிசைய வேண்டும். ஒரு இரவு விட்டுவிடுங்கள். பசைத் துப்பாக்கியின் சூட்டுப் பசை இந்த இடத்துக்கு ஆகாது. சிறிது நேரம் ஓடியதும் பிடி விட்டு, இறக்கை மட்டும் சுற்றும், அச்சு நின்றுவிடும்.

மேசை விசிறியின் முன் வையுங்கள். பெரும்பாலும் முதல் முறை சுற்றாது. இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியரோ அப்பாவோ அண்ணனோ "இங்க கொண்டா, நான் பாக்கேன்" என்று கையிலிருந்து வாங்குவது இந்த நேரத்தில்தான். தயவுசெய்து வாங்காதீர்கள். சரிசெய்து கொடுத்துவிட்டால் அவளுக்குக் கிடைப்பது ஓடுகிற பொம்மை. ஏன் ஓடவில்லை என்று அவளே கண்டுபிடிப்பதுதான் பொறியியல். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். ஆறு இறக்கையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஒயர்களைக் கழற்றிவிட்டால் சுற்றுகிறதா? கையால் ஒரு தள்ளு கொடுத்தால் தொடர்ந்து ஓடுகிறதா?

கடைசிக் கேள்விக்குப் பதில் "ஆமாம்" என்றால் கோளாறு சாய்வில் இருக்கிறது. சுற்றும் தளத்திலிருந்து 10 டிகிரி மட்டும் சாய்ந்த இறக்கை, ஓடத் தொடங்கிவிட்டால் வேகமாக ஓடும், ஆனால் தானாகக் கிளம்பாது. 45 டிகிரியில் உடனே கிளம்பும், வேகம் பிடிக்காது. 15, 25, 35 என்று கோணமானி வைத்து மாற்றி, ஒவ்வொன்றிலும் அளவெடுத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். விசிறியின் தூரத்தையும் சாய்வையும் சேர்த்து மாற்றினால் எழுதிய அட்டவணை எதற்கும் உதவாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால் விசிறி ஒரு சாண் நகர்ந்தாலும் கணக்கு மாறிவிடும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.

அளக்கும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. மல்டிமீட்டரை டி.சி.யில், அதாவது நேர்திசை அளவில் வைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், மோட்டார் செத்துவிட்டது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். விலை குறைந்த மீட்டர்களின் ஏ.சி. அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும், இரண்டு மூன்று வோல்ட்டை அது சரியாகக் காட்டாது. எல்.இ.டி.களைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 4007 டயோடு ஒன்றைத் தொடராக வைத்து, அதற்குப் பின் 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைப்பது) ஒன்றைச் சேர்த்து, அதன் இரு காலிலும் டி.சி. அளவெடுங்கள். டயோடில் ஏறத்தாழ அரை வோல்ட் குறையும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கெபாசிட்டரில் கழித்தல் குறி போட்ட கால் மாறக்கூடாது. மாறினால் சூடாகி வெடிக்கும்.

அளவு என்று வரும்போது வானிலை அறிஞர் அன்னா மணியை நினைக்காமல் இருக்க முடியாது. 1918இல், இன்றைய கேரளத்திலுள்ள பீர்மேட்டில் பிறந்தவர். அன்று பீர்மேடும் நாகர்கோவிலும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தார், முதுகலைப் பட்டம் இல்லை என்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பிறகு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். 1976இல் ஓய்வு பெற்ற பின் நாட்டின் பல இடங்களில் காற்று எவ்வளவு வீசுகிறது என்று அளந்து தொகுத்தார். காற்றாலையை எங்கே நடலாம் என்று சொல்ல முதலில் இந்த மாதிரி அளவுதானே வேண்டும்?

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பட்டாவைப் பின்னால் முடிந்து ஊக்கு குத்திக்கொள்ளுங்கள், சடையைத் தூக்கிக் கட்டுங்கள். இறக்கை சுற்றும்போது அதன் நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது, குச்சி கழன்றால் அந்தத் திசையில்தான் பறக்கும். இந்த ஆபத்துகளைக் காட்டி "நீ தள்ளி நில்லு" என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணைக் காக்க ஒரு கண்ணாடியும் இரண்டு ஊக்கும் போதும்.

காற்று ஓய்ந்த மாதங்களுக்கு வேறு இரண்டு வேலைகள். ஒன்று பாலம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் ஒரு நாணேற்றிய வளைவு, அதாவது இரு முனைகளையும் வில்லின் நாண் போல இழுத்துக் கட்டிய வளைவு. கெட்டி அட்டைப் பட்டை ஒன்றை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வளைத்து வைத்து மேலே அமுக்குங்கள், புத்தகங்கள் விலகி ஓடும். பட்டையின் இரு முனைகளையும் நூலால் இழுத்துக் கட்டிவிட்டு அமுக்கினால் புத்தகங்கள் நகராது. கம்பளி நூல் நீண்டுவிடும், மீன் தூண்டில் நைலான் நல்லது. எடையை ஒரே புள்ளியில் வைக்காமல் பரப்பி வையுங்கள்.

இன்னொன்று நிழலில்லா நாள். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் 1ஐ ஒட்டியும் உச்சிவேளையில் செங்குத்தான கம்புக்கு நிழல் விழாது. சரியாக 12 மணிக்குப் பார்த்துவிட்டு ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, நாம் இருப்பது அதற்கு 5 டிகிரி மேற்கே. ஆகவே நமக்கு உச்சி 12.20 வாக்கில்தான். 12 மணிக்கு 1 மீட்டர் கம்புக்கு 9 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். கம்பு நேராக நிற்கிறதா என்று தூக்குக் குண்டு வைத்துப் பாருங்கள்.

இருபது மாணவிகள் என்றால் இருவருக்கு ஒன்றாகப் பத்து மோட்டார், பத்து ஸ்க்ரூடிரைவர், ஐந்து மல்டிமீட்டராவது வேண்டும். மோட்டாரை பிரிண்டர் பழுதுபார்க்கும் கடையிலோ, பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையிலோ கேளுங்கள். எடுக்கும் முன் அங்கேயே ஒயர் ஜோடிகளை முறுக்கி அச்சைத் திருகிப் பாருங்கள். எந்த ஜோடிக்கும் கனமாகவில்லை என்றால் சுருள் அறுந்தது, வேறு ஒன்றைக் கேளுங்கள். அந்தச் சோதனையையும் மாணவிகளே செய்யட்டும், கடைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வணக்கம்.